கைக்கு அடக்கமான ஆயுதம்

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் கால் வைக்க இடம் இருக்காது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில், கோவில்பட்டியிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் நடந்து வந்த சனம் பொங்கல் வைக்கும், முடியிறக்கும், அக்கினிச்சட்டி எடுக்கும். கண்நோய் தீர்ந்தவர்கள் கண்மலர் வாங்கிச் சாத்துவார்கள். திரும்புகிற வழியெல்லாம் கடைகள். வளையல், சேவு, பொரிகடலை, பிளாஸ்டிக் பொம்மை. அப்படி ஒரு கடை முன்னால், என் சித்தி மகள் பெற்ற எட்டு வயதுக்காரி, பொம்மைத் துப்பாக்கி வேண்டும் என்று நின்றுவிட்டாள்.

கடைக்காரர் ரோஸ் நிறத்தில் சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டினார். "பொம்பளப் பிள்ளைக்கு இதுதான் தாயி. கைக்கு அடக்கமா இருக்கும்."

அவள் வாங்கிப் பார்த்தாள். அழுத்தினால் விளக்கு எரிந்தது, பாட்டுப் பாடியது. சுருள் கேப் போட அதில் இடமே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலே தொங்கிய கறுப்புத் துப்பாக்கியைக் காட்டினாள். "அதுதான் வெடிக்கும்."

அவளுடைய அம்மா ஒன்றும் பேசாமல் காசைக் கொடுத்தாள். அன்று இரவு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோதுதான் என்னிடம் கேட்டாள்: "யக்கா, நான் ஒரு துப்பாக்கி வாங்கணும். எதை வாங்குறதுன்னுதான் தெரியல. நீ பத்து எடத்துல விசாரிச்சுச் சொல்லு."

அவள் வழக்கறிஞர். சாத்தூரில் குடும்ப வழக்குகள் பார்க்கிறாள். ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்குகள். கணவனைப் பிரிந்து, மகளோடும் என் சித்தியோடும் இருக்கிறாள். ஒரு வழக்கில் எதிர்த்தரப்பில் இருக்கும் கணவன் மூன்று மாதமாக அவள் வண்டிக்குப் பின்னால் வருகிறான். அலுவலகத்துக்கு எதிரே நின்று சிகரெட் பிடிக்கிறான். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் மகளிடம் பெயரைக் கேட்டிருக்கிறான். புகார் கொடுத்தாயிற்று. ரசீதும் வாங்கியாயிற்று. ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவள் தினமும் வீடு திரும்புகிறாள்.

நான் கல்லூரியில் அறவியல் சொல்லிக்கொடுக்கிறவள். துப்பாக்கி வாங்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு என்னிடம் நான்கு பக்கக் குறிப்பு எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. எதை வாங்குவது என்று கேட்டாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஒரு பெண் தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒரு கருவியைத் தேடும்போது, அந்தக் கருவியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் அவளுக்கு உபதேசம் செய்வது நியாயமாகப் படவில்லை. அவளோடு போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

*

மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடை. கண்ணாடி மேசைமேல் பச்சைத் துணி விரித்து, தோட்டா இல்லாத ரிவால்வர் ஒன்றைப் பெரியவர் எடுத்து வைத்தார். உரிமம் இல்லாமல் விற்க முடியாது, பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

அன்றும் அதற்குப் பிறகும் நாங்கள் தெரிந்துகொண்டது இது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவட்டையில் பிடி நன்றாக மேலேறி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த நிலையில் குழலும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அப்போது ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொட வேண்டும். விரல் எட்டவில்லை என்றால் கை தன்னை அறியாமல் பிடியைத் திருப்பிக்கொள்ளும். பின்னுதை கட்டைவிரல் எலும்பில் போய் இறங்கும், குறி விலகும். ரிவால்வரில் சுத்தியலைக் கையால் பின்னிழுக்காமல் நேரே விசையை இழுத்தால் விசை கனமாக இருக்கும். பிஸ்டலில் விசை இலகுவாக இருக்கலாம், ஆனால் மேலேயுள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். "லேடீஸுக்கு அது வராதும்மா" என்பார்கள். ஒரு கையால் பிடியை முன்னே தள்ளி, மறு கையால் ஸ்லைடைப் பிடித்து நிறுத்தினால் வரும். கற்றுக்கொடுக்கிறவரைப் பொறுத்தது அது.

என் தங்கை ரிவால்வரைக் கையில் வாங்கினாள். விரல் நுனி மட்டும் விசையில் பட்டது. "எட்டலயே" என்றாள். பெரியவர், "ஒங்க கை சின்னக் கை" என்றார்.

அந்த வாக்கியம் எனக்குப் பழகியது. பேருந்தின் மேல்கம்பி எட்டாதபோது நாம் குள்ளம். சமையலறை மேடை மட்டும் நம் உயரத்துக்குச் சரியாக இருக்கும். அதிலும் பல வீடுகளில் கொத்தனார் உயரந்தான். பொருள் எந்தக் கைக்காகச் செய்யப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை, கைதான் தவறான அளவில் பிறந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அதனால் "எது என் கைக்குப் பொருந்தும்" என்று ஒரு பெண் கேட்பதை ஆடம்பரமான கேள்வியாக நான் நினைக்கவில்லை. தன் உடலை அளவுகோலாக வைக்கிற கேள்வி அது. பெண்ணியம் நமக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகளில் ஒன்று.

அந்தக் கேள்விக்குச் சந்தை என்ன பதில் தருகிறது என்று பார்க்கலாம். டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு, கான்பூரில் உள்ள அரசுத் தளவாடத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் 'நிர்பீக்' என்ற ரிவால்வரை அறிமுகம் செய்தது. அஞ்சாதவர் என்று பொருள். அந்தப் பெண்ணுக்கு ஊடகங்கள் இட்ட 'நிர்பயா' என்ற பெயரின் நிழல் அதில் விழுகிறது. பாயிண்ட் 32 அளவு, ஆறு தோட்டா, ஏறக்குறைய 500 கிராம் எடை, விலை 1,22,360 ரூபாய். பெண்கள் நகையை விரும்புவார்கள் என்று மெரூன் நிற நகைப்பெட்டி போன்ற ஒன்றில் வைத்துத் தந்தார்கள். அதே ஆண்டில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்று இன்னும் சிறிய ஒன்றைச் செய்தது. பாயிண்ட் 22 அளவு, எடை 250 கிராம் அளவில். அமெரிக்காவில் இந்த வியாபாரம் இன்னும் பழையது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1902இலேயே 'லேடிஸ்மித்' என்று கைக்குள் அடங்கும் ரிவால்வர் ஒன்றை விற்றது. 1921இல் நிறுத்திவிட்டு, 1989இல் அதே பெயரை மறுபடியும் எடுத்தது.

இருக்கன்குடிக் கடைக்காரர் எடுத்து நீட்டிய ரோஸ் துப்பாக்கிதான் எனக்கு ஞாபகம் வந்தது. தமிழில் 'கைக்கு அடக்கமான' என்றால் பிடித்துக்கொள்ள வசதியானது என்று பொருள். 'அடக்கமான பெண்' என்றால் வேறு பொருள். இந்தத் துப்பாக்கிகளைச் செய்தவர்கள் இரண்டு பொருளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பெண்ணுக்கு என்றால் சின்னதாக, இலகுவாக, அழகாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை குறையக் குறையக் கையில் உதை கூடும். சிறு பிடியில் பாதி விரல்தான் பதியும். தூக்கிச் செல்ல இலகுவானதைச் சுடுவது கடினம். கனமான, முழுக் கையும் பதிகிற துப்பாக்கியை ஒல்லியான பெண் ஒருத்தி நன்றாகச் சுடக்கூடும். பெண் எப்படி இருப்பாள் என்ற கற்பனையை அளந்து செய்திருக்கிறார்கள். அவளுடைய கையை யாரும் அளக்கவில்லை.

நாங்கள் ஊர் திரும்பியதும் சித்தி விலையைக் கேட்டாள். சித்தி சிவகாசிப் பக்கம் ஒரு ஃபயர் ஆபீசில் சரம் பின்னுகிறவள். அவளுக்கு அப்போது நாள் கூலி 350 ரூபாய். மனதுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏறக்குறைய 350 நாள் வேலை. மழைக்கு மூடுற நாளு, ஆய்வுக்கு மூடுற நாளு எல்லாம் கழிச்சா ஒரு வருசத்துக்கு மேல. அஞ்சாம இருக்கறதுக்கு அம்புட்டு வெலயா?"

*

கைக்குப் பொருந்துவது முதல் அளவுதான். துப்பாக்கி பொருந்த வேண்டிய இடங்கள் இன்னும் உண்டு.

ஒன்று உடை. துப்பாக்கி உறை என்பது இடுப்பு வாரில் மாட்டுவதற்காகச் செய்யப்பட்டது. சேலையில் வார் இல்லை. சுடிதாரில் பை இருந்தாலும் ஒரு கைப்பேசி கூட முழுதாக நிற்காது. மிச்சம் இருப்பது கைப்பை. என் தங்கையின் கைப்பையில் வழக்குக் கட்டு, டிபன் டப்பா, மகளின் இருமல் மருந்து, அந்தப் புகார் ரசீது எல்லாம் இருக்கின்றன. அதற்குள் கைவிட்டு அரை நொடியில் எடுக்க வேண்டும். பறிக்க வருகிறவன் முதலில் பிடுங்குவதும் கைப்பையைத்தான்.

இரண்டாவது வீடு. வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை இருக்கிறது. பூட்டிவைத்தால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. அவசரத்துக்கு எடுக்கும் இடத்தில் வைத்தால் பிள்ளையும் எடுக்கும். இந்த முடிச்சை அவிழ்க்கும் துப்பாக்கி எந்தக் கடையிலும் இல்லை.

மூன்றாவது, எதிரே நிற்பவன் யார் என்பது. துப்பாக்கி விளம்பரங்களில் அவன் எப்போதும் இருட்டுச் சந்தில் வருகிற அந்நியன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் வேறு முகத்தைக் காட்டுகின்றன. பெண்களுக்கு எதிராகப் பதிவாகும் குற்றங்களில் கணவனும் கணவன் வீட்டாரும் செய்யும் கொடுமைதான் முதலிடத்தில் நிற்கிறது. வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், காதலன், வேலை கொடுத்தவன். அவன் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. நாம் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்த பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. எந்த நிமிடத்தில் துப்பாக்கியை எடுப்பது? முதல் அறையிலா, பத்தாவது அறையிலா? மாமியார் முன்னாலா, பிள்ளை முன்னாலா?

வீட்டில் இருக்கும் துப்பாக்கிக்கு எல்லாக் கையும் பொருந்தும் என்பதையும் மறக்கக் கூடாது. துப்பாக்கி மலிந்த நாட்டில் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2004 முதல் 2016 வரையிலான பதிவுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். தாங்கள் துப்பாக்கி வாங்காமல், துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள், துப்பாக்கி இல்லாத வீடுகளில் வாழ்ந்தவர்களைவிட, துணைவரால் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்த வீதம் ஏழு மடங்கு அதிகம். அப்படி இறந்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் பெண்கள். அவர்கள் யாரும் அந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது என் தங்கை என்னைத் தடுத்தாள். "யக்கா, என் வீட்டுல ஆம்பளையே இல்ல. என் பின்னால வாரவன் எனக்குச் சொந்தமும் இல்ல. ஊருக்கெல்லாம் சொல்ற கணக்க எனக்கு ஏன் சொல்லுத?" கொஞ்சம் நிறுத்தி, "ஒனக்கென்ன. ஒன் வாசல்ல யாரும் வந்து நின்னதில்ல" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆபத்து இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அகிம்சை பேசுவது எளிது. பெண்ணிடம் மட்டும் பொறுமையை எதிர்பார்க்கும் அறம் எனக்கும் வேண்டாம். ஆகவே அந்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.

*

சட்டம் அவளுக்கு உரிமை தருகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 38ஆம் பிரிவாக இருக்கிறது. உயிர் போகும் என்ற நியாயமான அச்சம், கொடுங்காயம், வன்புணர்வு, கடத்தல், அமில வீச்சு போன்ற தாக்குதல்களில், தாக்குகிறவனைக் கொல்லும் அளவுக்கும் தற்காப்பு உரிமை நீள்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பதே வரம்பு. 2012இல் மதுரையில் ஒரு தாய், மகளிடம் பாலியல் வன்முறை செய்ய முயன்ற கணவனை, கைக்குக் கிடைத்த கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவன் இறந்துபோனான். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி அவரைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தார். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எங்கள் விடுதியில் ஒருவருக்கொருவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தாய் எதையும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கவில்லை. அந்த நொடி அவர்மேல் வந்து விழுந்தது, கைக்குப் பட்டதை எடுத்தார். துப்பாக்கி வாங்குகிறவள் அந்த நொடியை முன்கூட்டியே தன் வாழ்க்கைக்குள் அழைத்து வைத்துக்கொள்கிறாள். உரிமம் கேட்க வேண்டும், ஆயுத விதிகள் 2016 சொல்கிறபடி பயிற்சிச் சான்று வாங்க வேண்டும், பாதுகாப்பாக வைக்க இடம் காட்ட வேண்டும், மாதாமாதம் சுட்டுப் பழக வேண்டும். பழக்கம் என்பது என்ன? ஒரு மனித உடம்பின் நடுவில் குறிவைத்து, யோசிக்காமல் விசையை இழுக்கக் கையைத் தயார் செய்வது. அட்டையில் வரைந்த உருவத்துக்கு முகம் இருக்காது. அவள் தினமும் பார்க்கிறவனுக்கு முகம் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் 'விருப்பம்' என்ற சொல் எனக்கு இடறுகிறது. சேலை எடுக்கும்போது நிறம் என் விருப்பம். தப்பாக எடுத்தால் நட்டம் எனக்கு மட்டும். துப்பாக்கியில் பிடியின் அளவு, எடை, விசையின் கனம் எல்லாம் என் விருப்பமாக இருக்கலாம். ஆனால் தப்பாகப் போனால் அதைச் சுமப்பவர்களில் நான் ஒருத்திதான். மகள் இருக்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் இருக்கிறார், வீடு மாறி வந்த குடிகாரன் இருக்கிறான். இன்னொரு உயிரை முடிக்கும் பொருளைச் 'சுயதேர்வு' என்ற பெயரில் கடை மேசைமேல் வைக்கும்போது, நாம் போராடிப் பெற்ற ஒரு சொல்லை வியாபாரி நம்மிடமே திருப்பி விற்கிறான்.

துப்பாக்கி பெண்ணை விடுதலை செய்யுமா என்ற கேள்வி தமிழில் புதியதும் அல்ல. 1943இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில், கேப்டன் லட்சுமியின் தலைமையில், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் ஆயுதப் பயிற்சி பெற்றார்கள். பால் வெட்டிய கைகளுக்கு அந்த ஆயுதங்கள் பொருந்தத்தான் செய்தன. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்த ராஜினி திராணகம, தன் மண்ணில் எல்லாத் தரப்புத் துப்பாக்கிகளும் பெண்களுக்கு என்ன செய்தன என்று சாட்சிகளோடு 'முறிந்த பனை' நூலில் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த இரண்டையும் நான் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். பெண்ணின் கைக்கு ஆயுதம் பொருந்தாது என்பது பொய். ஆயுதம் வந்துவிட்டால் பெண் பத்திரம் என்பதும் பொய்.

*

இந்த விவாதம் முழுவதிலும் வெடிமருந்தை உண்மையிலேயே தெரிந்தவள் எங்கள் வீட்டில் சித்தி மட்டும்தான். பன்னிரண்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள், பிறகு ஃபயர் ஆபீஸ். மருந்து அறைக்குள் இரும்பு உரசக் கூடாது, கொலுசு போட்டுக்கொண்டு போகக் கூடாது, ஓர் அறையில் விதித்த ஆளுக்கு மேல் ஓர் ஆள் நிற்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இரண்டு நாளும் சித்தி யார் வீட்டுக்கெல்லாம் போய் அழுதாள் என்று எனக்குத் தெரியும்.

இந்த வட்டாரத்துப் பெண்களுக்குக் கூலிக்காகத் தினம் மருந்தைத் தொட யாரும் தயங்காமல் அனுமதி கொடுக்கிறார்கள். அந்த ஆபத்துக்கு அவள் தகுதியானவளா, அவள் கை சின்னதா என்று யாரும் கேட்டதில்லை. விரல் மெலிதாக இருந்தால் திரி நன்றாகப் பின்னுவாள் என்றுதான் வேலைக்கே எடுத்தார்கள். அவள் மகள் பயமில்லாமல் வீடு திரும்ப வேண்டும் என்னும்போது மட்டும் இந்தச் சமூகம் கையை விரிக்கிறது. உன் ஆபத்து உன்னுடையது, உன் பாதுகாப்பை நீயே வாங்கிக்கொள், எந்த நிறத்தில் வேண்டும் என்று கேட்கிறது. 'எது எனக்குப் பொருந்தும்' என்ற கேள்வியின் அடியில் கிடக்கிற அநியாயம் இதுதான். காவல் நிலையமும் நீதிமன்றமும் தெருவும் செய்ய வேண்டிய வேலை, ஒரு பெண்ணின் ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் வந்து நிற்கிறது.

சித்திக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை விட்டு வந்ததும் புறவாசலில் குளித்து, சேலையை மாற்றிய பிறகுதான் பேத்தியைத் தொடுவாள். அந்தச் சேலையைத் தனியாகத் துவைப்பாள். "மருந்து வீட்டுக்குள்ள வரப்படாது" என்பாள். திருவிழாவில் வாங்கிய கறுப்புத் துப்பாக்கியோடு வந்த சுருள் கேப்புகளையும் அடுப்படிப் பக்கம் வைக்க விடவில்லை. வெளித் திண்ணையில், பேத்திக்கு எட்டாத மாடத்தில் வைத்தாள். அவளிடம், "நீ என்ன சொல்லுத சித்தி, இவ துப்பாக்கி வாங்கட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரியைப் பின்னுவதுபோல விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கப்படாதுன்னு நான் சொல்ல மாட்டேன். அவ பயம் அவளுக்குத்தான் தெரியும். ஆனா மருந்து இருக்கே, அது நம்மள மாதிரி பொறுத்துக்கிட்டு இருக்காது. அத வச்சிருக்கவ தூங்க முடியாது. அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வாங்கட்டும்."

என் நான்கு பக்கக் குறிப்பைவிட அது நேர்மையாக இருந்தது. அதில் தடையும் இல்லை, ஊக்கமும் இல்லை. என்ன விலை என்பது மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு என் தங்கையிடம் நான் சொன்னதும் அவ்வளவுதான். கையை அள, கூச்சப்படாதே, ரோஸ் நிறத்தை யார் நீட்டினாலும் வாங்காதே. கையை அளந்த பிறகு உடையை அள, வீட்டை அள, மகளின் உயரத்தை அள. அவன் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று அள. கடைசியாக உன் மனதை அள. சுட்ட மறுநாள் காலையில் எழுந்து மகளுக்குத் தலை பின்னிவிடும் பெண்ணாக உன்னால் இருக்க முடியுமா என்று பார். முடியும் என்றால், உன்னைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. நான் உன்னோடு விண்ணப்பம் கொடுக்க வருகிறேன்.

அவள் அளந்தாள். அவன் வருவது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், அவள் தனியாகப் பூட்டிவிட்டு இறங்கும்போது. இன்னும் இரண்டு பெண் வழக்கறிஞர்களோடு சேர்ந்து பேருந்து நிலையம் பக்கம் ஒரே அறைக்கு மாறினாள். மூவரும் ஆறு மணிக்கு ஒன்றாகப் பூட்டி, ஒன்றாக இறங்குகிறார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வரும் கட்சிக்காரப் பெண்கள் பலர் இப்போது அவளைப் பார்க்க முடிவதில்லை. வருமானம் குறைந்துவிட்டது. பாதுகாப்புக்கு அவள் கொடுக்கும் விலை இப்போது அது. 1,22,360 ரூபாய்க்கு அது குறைவா அதிகமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவன் இன்னும் இருக்கிறான். பள்ளிக்கூட வாசலில் சித்தி போய் நிற்கிறாள்.

விண்ணப்பப் படிவம் பாதி நிரப்பியபடி அவள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. போன மாதம் போயிருந்தபோது, "இதக் கிழிச்சுப் போடலயா?" என்று கேட்டேன்.

"கிழிக்க மாட்டேன் யக்கா. வேணாம்னு நான் இன்னும் முடிவு பண்ணல. இன்னைக்கு வேணாம்னு மட்டுந்தான் முடிவு பண்ணியிருக்கேன்" என்று சொல்லி, இழுப்பறையைச் சாத்தினாள்.